ஜெல் எலக்ட்ரோடா, கரைசல் நிரப்பும் எலக்ட்ரோடா?

"பராமரிப்பே வேண்டாம்" என்று விற்கிறார்களே ஜெல் எலக்ட்ரோடு, அதைப் பெரும்பாலும் பழுது பார்க்கவும் வழியில்லை. பி.எச். மீட்டருக்கு (நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவி) எலக்ட்ரோடு, அதாவது நீரில் முக்கும் கோல், வாங்குமுன் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெல் வகையில் உள்ளே ஜெல்லை அடைத்தே தருவார்கள், நிரப்பும் வகையில் கரைசலை நாமே ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஜங்ஷனில், அதாவது உள்ளே இருப்பதும் அளக்கும் நீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான். கண்ணாடிக் குமிழுக்குச் சற்று மேலே குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். நுண்துளைகள் கொண்ட செராமிக் அது. நிரப்பும் வகையில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு (கே.சி.எல்.) கரைசல் அதன் வழியே மெல்லக் கசிந்து வெளியேறுவதால் அழுக்கு உள்ளே ஏறுவது கடினம். ஜெல்லில் இந்த ஓட்டம் கிடையாது. நாளடைவில் மாதிரி நீர் உள்ளே புகுந்து ஜெல்லைக் கெடுக்கும், துளையும் அடைபடும். ஜெல் பெரும்பாலும் ஓராண்டோடு சரி. நிரப்பும் வகை, ஒழுங்காக வைத்திருந்தால், இரண்டாண்டைத் தாண்டும்.

கோளாறு வந்தால் மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 25 டிகிரியில் பி.எச். 7 பஃபரில் (பி.எச். இவ்வளவு என்று தெரிந்த கரைசல்) பூஜ்யத்துக்கு இருபுறமும் 30-க்குள் இருக்க வேண்டும். பி.எச். 7 பஃபருக்கும் 4 பஃபருக்கும் இடையிலான வித்தியாசம் 177-ஐ ஒட்டி வர வேண்டும். அது 160-க்குக் கீழே போனால் குமிழில் அழுக்கு என்று முதலில் சந்தேகியுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 நிமிடம், கழுவிவிட்டு 3 மோலார் கே.சி.எல்.-இல் ஒரு மணி நேரம். பால், புரதம் படிந்திருந்தால் அதே அமிலத்தில் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) சேர்க்க வேண்டும். இதுவரை இரண்டு வகைக்கும் ஒரே வைத்தியம்.

வித்தியாசம் சரியாக இருந்து, 7-இல் மட்டும் 50, 60 என்று காட்டினால் கோளாறு ரெஃபரன்ஸ் பக்கம், அதாவது குமிழில் இல்லை, உள்கரைசலும் ஜங்ஷனும் இருக்கும் பக்கம். நிரப்பும் வகையென்றால் பழைய கரைசலை டிராப்பரால் உறிஞ்சி எடுத்து, புதியதால் ஒருமுறை அலசி, மீண்டும் நிரப்புங்கள் (22.4 கிராம் கே.சி.எல்., 100 மில்லியாக்கவும். சில மாடல்களுக்கு சில்வர் குளோரைடு கலந்த கரைசல் வேண்டும், கையேட்டைப் பாருங்கள்). ஜெல்லுக்கு வெதுவெதுப்பான கே.சி.எல்.-இல் ஊறவைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். தேறாவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான்.

எல்லா பஃபரிலும் ஒரே எண் வந்தால் குமிழில் விரிசல், கேபிளில் ஷார்ட், இல்லை மீட்டரே கெட்டிருக்கும். எலக்ட்ரோடைக் கழற்றி, மீட்டரின் பி.என்.சி. சாக்கெட்டில் (எலக்ட்ரோடு கேபிளைச் செருகும் இடம்) நடுத்துளையையும் வெளிவளையத்தையும் ஒரு கம்பியால் இணையுங்கள். பூஜ்யம் மில்லிவோல்ட்டை ஒட்டிக் காட்டினால் மீட்டரின் உள்ளீடு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

குளத்தங்கரை, பள்ளி ஆய்வகம், பலர் கைமாறும் இடம் என்றால் எபாக்சி உடல் கொண்ட ஜெல்லே போதும். நிரப்பும் வகையை அங்கே கொடுத்தால் கரைசல் வற்றியே செத்துவிடும். ஆர்.ஓ. நீர், மழைநீர் போல அயனி குறைந்தவற்றில் ஜெல்லின் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே நிரப்பும் வகைதான். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைக் கழிவுநீரில் வரும் சல்ஃபைடு, எலக்ட்ரோடின் உள்ளே இருக்கும் வெள்ளியோடு சேர்ந்து ஜங்ஷனைக் கருப்பாக்கிவிடும். அதற்கு எந்த வகையானாலும் டபுள் ஜங்ஷன் (வெள்ளிக்கும் மாதிரிக்கும் நடுவே இன்னொரு அறை உள்ளது) கேட்டு வாங்குங்கள். கருத்துப்போன ஜங்ஷனை அமிலத்தில் கரைத்த தயோயூரியா பல நேரம் வெளுத்துக் கொடுக்கும். அது நச்சு, கையுறை கட்டாயம்.

எதை வாங்கினாலும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைக்காதீர்கள். குமிழின் ஈர அடுக்கிலிருந்தும் ஜங்ஷனிலிருந்தும் அயனிகளை அது இழுத்துவிடும். மூடியில் 3 மோலார் கே.சி.எல். ஊற்றி வையுங்கள். டிஷ்யூவால் குமிழைத் தேய்க்கவும் வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். நிரப்பும் வகையில் அளக்கும்போது மேல்துளையைத் திறந்து, உள்கரைசல் மாதிரியின் மட்டத்தைவிட 2 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துளையை மூடிவிட வேண்டும்.