ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குப் படக்கதையா, தலைவர் வரலாறா?

காப்பித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சமத்துவம் பேசும் புத்தகம் வாங்கச் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் தடுமாறுவது இதில்தான்.

விலை: படக்கதை வண்ண அச்சு, கூடுதல். வரலாறு பெரும்பாலும் கருப்பு வெள்ளை, மலிவு.

எத்தனை நாள் உழைக்கும்: மலைப் பனியில் இரண்டுமே நமத்துப்போகும். தாளைச் சேர்க்க அடித்த கம்பிப் பின் துருப்பிடிக்கும், நூலால் தைத்த கட்டாகப் பாருங்கள்.

எளிமை: எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் படக்கதை பிடிபடும். ஆனால் வாங்குமுன் புரட்டுங்கள். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிச் சிறுமி அதில் தானே முடிவெடுக்கிறாளா, உதவி வாங்க மட்டும் வருகிறாளா? எனக்கு இதுதான் முக்கியம். வரலாற்றின் பலம் வேறு: 1927-இல், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாராஷ்டிரத்தின் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது நிஜமாக நடந்தது.

மூன்றாம் வகுப்புவரை படக்கதை, ஆறுக்கு மேல் வரலாறு. நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கொடுங்கள்; அப்புறம் அவர்களே கேட்பார்கள்.