ஐந்து ரோட்டில் ஒரு ஃபெல்லோஷிப் பயிற்சி: 18,000 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

வெளியுறவுக் கொள்கை, பன்னாட்டு வணிகம் ஆகிய துறைகளில் வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு (உதவித்தொகையோடு படிக்கவோ ஆய்வு செய்யவோ கிடைக்கும் வாய்ப்புக்கு) விண்ணப்பிக்க வழிகாட்டுவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு மையத்தில், சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு துணிக்கடையின் மாடியில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வந்தேன். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துபவன். என்னோடு ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கி அலுவலர் உட்பட ஏழு பேர் இருந்தார்கள். மையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இத்தகைய சேவையில் எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்பதே விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

கட்டணம் 18,000 ரூபாய். அதில் 2,500 ரூபாய் ‘விண்ணப்பப் பதிவு’ என்ற தலைப்பில் இருந்தது. பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்–நேரு, ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஆகிய எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இணையத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் பத்து நிமிட வேலைக்குத்தான் அந்தத் தொகை என்பது இரண்டாம் வாரம் தெரிந்தது.

தகவல் வகுப்புகள் இரண்டிலும் பாதி சரி, பாதி தவறு. பிரிட்டிஷ் அரசு 1983 முதல் நடத்திவரும் செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னவர்கள், வேலையில் சேர்ந்து பத்து மாதமே ஆன ஒரு பெண்ணிடம் அதே செவனிங்குக்கென்று பணம் வாங்கியிருந்தார்கள். ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப் அமெரிக்கப் பட்டம் தரும் என்றார்கள். அது பணிவாழ்வின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கான, பட்டம் எதுவும் தராத பத்து மாதத் திட்டம். ஃபுல்பிரைட்டில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் செல்பவர், திரும்பி வந்து சொந்த நாட்டில் மொத்தம் இரண்டாண்டுகள் வசித்த பிறகே அமெரிக்க வேலை விசாவான எச்-1பி-யையோ நிரந்தரமாக வசிக்கும் உரிமையையோ (கிரீன் கார்டு) பெற முடியும் என்ற நிபந்தனையை அவர்களாகச் சொல்லவே இல்லை; வழக்கறிஞர் கேட்ட பிறகுதான், “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார்” என்ற பதில் வந்தது. வெளிநாட்டிலேயே தங்கிவிடும் எண்ணத்தில் வருகிறவர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய நிபந்தனை அது.

என் முக்கியமான குறை ஆய்வு முன்மொழிவு பற்றியது. இளங்கலை முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கான ஜெர்மன் சான்சலர் ஃபெல்லோஷிப்பை நான் குறிவைத்திருந்தேன். அதற்கு, நம் திட்டத்தை ஏற்று வழிநடத்தச் சம்மதிக்கும் நிறுவனத்தை நாமே தேடி, அதன் கடிதத்தையும் இணைக்க வேண்டும். என் திட்டம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியும் அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேலத்துச் சேகோ ஆலைக்காரரும் பார்க்கிற விலைக்குப் பின்னால், தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானோடு இந்தியா செய்து, 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சரக்கு வணிக ஒப்பந்தம் போன்ற பேச்சுவார்த்தைகள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதே என் கேள்வி. ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டு, “இது ரொம்ப உள்ளூர்ப் பிரச்சினையாக இருக்கிறது சார், வெளியுறவுக் கொள்கை மாதிரி தெரியவில்லை” என்றார். மறுவாரம் ‘இந்தோ–பசிபிக் ஒழுங்கில் இந்தியாவின் பங்கு’ என்ற தலைப்பில் நான்கு பக்கங்கள் தயாராக இருந்தன. வங்கி அலுவலருக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அதேதான். முதல் இரண்டு பத்திகளில் ஒரு சொல்கூட மாறவில்லை.

இந்த ஊரின் நகராட்சித் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்த ராஜாஜி, 1962இல் வாஷிங்டன் சென்று, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் நேரில் வாதாடியவர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர் வேறு, வெளியுறவு வேறு என்கிறார்களே என்று அன்று பேருந்தில் திரும்பும்போது எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அவர்கள் எழுதித் தந்ததை நான்கு ஜெர்மன் நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை.

இனி நல்லதைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வாரம் நடந்த மாதிரி நேர்காணல், கொடுத்த பணத்தில் பெரும்பகுதிக்கு ஈடானது. அதை நடத்திய ஓய்வுபெற்ற பேராசிரியர், அச்சடித்த நான்கு பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, “தம்பி, நீங்கள் முதலில் எழுதியதை எடுங்கள்” என்றார். பிறகு கேட்டார்: “இதையெல்லாம் பாங்காக்கில் இருந்தே ஆராயலாமே, ஜெர்மனி எதற்கு?” அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடியபோதுதான், எழுபதுகளில் தாய்லாந்தின் கிழங்கு சாகுபடியை ஊதிப் பெருக்கியது ஐரோப்பியக் கால்நடைத் தீவனச் சந்தை என்பதும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் அதைக் கப்பல் கப்பலாக வாங்கின என்பதும், 1982இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தாய்லாந்தோடு ஒப்பந்தம் செய்து அந்த இறக்குமதிக்கு வரம்பு கட்டியது என்பதும் எனக்குப் பிடிபட்டன. தாய்லாந்தின் கிழங்கு பிற்பாடு ஸ்டார்ச் பக்கம் திரும்பிய கதையின் முதல் அத்தியாயம் ஐரோப்பாவில் இருக்கிறது. திருத்திய முன்மொழிவை இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்று மூன்று கேள்விகளோடு பதில் எழுதியிருக்கிறது.

சான்றிதழ் சரிபார்ப்பிலும் குறை சொல்ல இடமில்லை. பரிந்துரைக் கடிதத்தில் என் பெயரின் தலைப்பெழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாததை அலுவலக உதவியாளர்தான் கண்டுபிடித்தார்.

உள்நாட்டு வாய்ப்புகளைப் பற்றி ஆறு வாரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. டெல்லி சப்ரு ஹவுஸில் இயங்கும் இந்திய உலக விவகார மன்றம் 1943இல் தொடங்கியது, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், ஆய்வாளர்களையும் எடுக்கிறது. அதற்கு விண்ணப்பித்தால் மையத்துக்குப் பெரிய கட்டணம் கேட்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கடைசி நாளன்று, என் சக ஆசிரியர் ஒருவருக்காக மாதிரி நேர்காணலையும் சான்றிதழ் சரிபார்ப்பையும் மட்டும் தனியாகத் தருவீர்களா, அதற்கு எவ்வளவு என்று கேட்டேன். முழுத் தொகுப்பாகத்தான் தருவார்களாம். அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் 20,000 ரூபாய்.