கடலூர் செம்மண்டலம் பக்கம் உள்ள பட்டறை: என் பழைய ஜென்னின் ஹீட் பிரச்சினை தீர்ந்தது

வண்டி மாருதி ஜென், 2003 மாடல். அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. 15 வருடம் முடிந்து 2018-ல் ஆர்.சி. புதுப்பித்தோம், 2023-ல் மறுபடியும். கடலூரிலிருந்து புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் பள்ளிக்கு இதில்தான் தினமும் போய் வருகிறேன். வித்துடு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. இன்ஜின் இன்னும் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடுகிறது.

ஏப்ரலில் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துபோனது. வேறொரு இடத்தில் புது மோட்டார் போட்டுக்கொடுத்தார்கள். தொல்லை அதற்குப் பிறகும் விடவில்லை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரைக்கும் சூடு காட்டும் முள் பாதியிலேயே நிற்கும். அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கி வண்டிகள் ஊர ஆரம்பித்ததும் ஏறும். மரப்பாலம் சிக்னலில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். இரண்டு முறை முருங்கப்பாக்கத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்று, முதல் பீரியடுக்குத் தாமதமாகப் போனேன்.

நான்கு மாதத்தில் மூன்று இடம். ஒருவர் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்றார். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றினார். மூன்றாமவர் ரேடியேட்டரில் குமிழி வருவதைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 18,000 ஆகும் என்றார். அப்போதுதான் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் இந்தப் பட்டறையைச் சொன்னார்.

தகர ஷெட்தான். உள்ளே இரண்டு வண்டிதான் நிற்கும். பாய்க்கு அறுபது வயது இருக்கும், கூட ஒரு பையன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஓடும்போது சூடாகுதா டீச்சர், நிக்கும்போது சூடாகுதா?" இதற்கு முன் யாரும் இதைக் கேட்கவில்லை. நிற்கும்போதும் ஊரும்போதும் மட்டும்தான் என்றேன். வேகமாகப் போகும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை, ரேடியேட்டர் அடைப்போ வாட்டர் பம்ப்போ பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் ஏறினால் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும் என்றார். வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி.

"ஃபேன் புதுசு பாய், சுத்துது" என்றேன். எல்லோரும் அப்படித்தான் விட்டிருந்தார்கள், நானும்தான். பாய் ஒன்றும் சொல்லாமல் இன்ஜினை ஓடவிட்டார். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் பையனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முன்பக்க கிரில்லுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார். ஃபேன் இருப்பது ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம். வெளிக்காற்றை உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. அப்படியானால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது படபடவென்று அவர் கையை நோக்கி மடங்கியது. விட்டதும் பறந்து என் செருப்பருகே விழுந்தது. குனிந்து எடுத்தேன், சூடாக இருந்தது.

ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது! புது மோட்டாரின் கப்ளர் (வயர் மாட்டும் பிளக்) பொருந்தாததால் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அப்போது பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்சாரத்தின் திசை மாறினால் இந்த வகை மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓடுகிற ஃபேனைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பாய் வயரை மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மறுபடி தாளைப் பிடித்ததும் கிரில்லில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம் என்று ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, நீல நிற மருந்தை ஊற்றிச் சோதித்தார். எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. மூன்றாமவர் காட்டிய குமிழி, புதிதாகத் தண்ணீர் நிரப்பியபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதானாம். ஹெட், பிளாக் இரண்டுமே அலுமினியம் என்பதால், இப்படியே சூட்டோடு ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்து நிஜமாகவே கேஸ்கெட் போயிருக்கும் என்றும் எச்சரித்தார்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கிய காரணம் அன்றுதான் புரிந்தது. புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன், நூலில் கட்டி டீ போடும் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தார், கூட ஒரு தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட்டின் மேல் 82 டிகிரி என்று அடித்திருந்தது. 83-ஐத் தாண்டும்போது வால்வு மெல்ல வாயைத் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் மாட்டினார்.

தண்ணீரைத் திறந்துவிட்டபோது செங்கல் கரைசல் மாதிரி வந்தது. நான் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். கடலோர உப்புத் தண்ணீர் உள்ளே துருவும் படிவமும் கட்டிவிடும், புது ரேடியேட்டரையும் கெடுக்கும் என்றார். தெளிவாக வரும்வரை மூன்று முறை அலசி, கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று நிரப்பினார். மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, காற்று முழுவதும் வெளியேறும்வரை கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினார். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீங்க என்று இரண்டு முறை சொன்னார்.

மொத்தம் 2,350 ரூபாய். கையெழுத்து பில்தான், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை, கழற்றிய சாமான்களும் ஒரு பையில். இதற்கு முன் செலவழித்தது 14,000-க்கு மேல்.

குறையும் இருக்கிறது. போன் பெரும்பாலும் எடுப்பதில்லை. உட்கார இடமில்லை, நான் எதிரே இருந்த டீக்கடையில்தான் இருந்தேன். அவசரமாகக் கேட்டால் கிடைக்காது, எனக்கு இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை மூடிவிடுவார்.

ஆறு வாரம் ஆகிறது. போன திங்கட்கிழமை அரியாங்குப்பத்தில் ஏதோ ஊர்வலம், நாற்பது நிமிடம் வண்டி நகரவில்லை. முள் பாதியைத் தாண்டவே இல்லை. ஃபேன் ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும், ஜன்னலை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் பின்சக்கர பிரேக் ஷூ பார்க்க பாயிடமே விடப்போகிறேன்.