ராஸ்பெர்ரி வேரழுகல்: மண்வெட்டியா, கிட்டா, லேபா?

ஜூன் மாதம், ஸ்காட்லாந்து. ராஸ்பெர்ரி வரிசையில் தண்ணீர் தேங்கும் பள்ளமான முனையில் மட்டும், காய்க்க வேண்டிய தண்டுகள் இலை பழுத்து வாடி நிற்கின்றன. தரையிலிருந்து புதுத்தண்டு அதிகம் கிளம்பவில்லை. கிளம்பிய ஒன்றிரண்டும் நுனி வளைந்து கருகுகின்றன. தாகம் என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டால் போச்சு. இது வேரழுகலாக இருக்கலாம்; அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா ரூபி என்ற கிருமியின் வித்துகள் ஈரமண்ணில் நீந்தித்தான் அடுத்த வேருக்குப் போகும்.

வேரழுகல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால் முதலில் மண்வெட்டிதான். காசு செலவில்லை. வேரைத் தோண்டிக் கழுவி, நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள். நல்ல வேர் உள்ளே வெள்ளையாக இருக்கும். நோய் பிடித்தது செம்பழுப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் எல்லை தெரிந்தால், பாதி சந்தேகம் தீர்ந்தது. பாதிதான், ஏனென்றால் வெறும் நீர்த்தேக்கமே வேரைப் பழுப்பாக்கிவிடும்.

மீதிப் பாதிக்கு, கடையில் வாங்கும் சோதனை கிட். கோவிட் காலத்தில் வீட்டிலேயே போட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிதான். வேர்த்துண்டைக் குப்பியில் போட்டுக் குலுக்கி, சில சொட்டு விட்டால் பத்து நிமிடத்துக்குள் கோடு விழும். ஆனால் அது ஏதோ ஒரு ஃபைட்டோப்தோரா என்று மட்டும் சொல்லும், ரூபியா என்று சொல்லாது. பித்தியம் என்ற உறவுக்காரக் கிருமிக்கும் சில சமயம் கோடு விழுந்துவிடும்.

லேபில், கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை ரூபிதானா என்று துல்லியமாகச் சொல்லும், சில நாளில். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் சேர்த்துக் காட்டுவது அதன் குறை. எனக்குப் பிடித்தது பழைய தூண்டில் முறை: சந்தேக வேரை மண்ணோடு கலந்து, அதில் ஆல்பைன் ஸ்ட்ராபெர்ரி நாற்றை நட்டு, சில வாரம் கழித்து அதன் வேர்நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. உயிரோடிருக்கும் கிருமிதான் சிக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நாற்று விற்பவருக்கு இது சரி. தோட்டம் வாடிக்கொண்டிருப்பவருக்கு ஆகாது.

எந்த முறையானாலும் மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முழுக்கச் செத்த செடியின் கரிய வேரை அனுப்பினால், பின்னால் வந்து குடியேறிய வேறு கிருமிகள்தான் அதில் கிடைக்கும். பாதி வாடிய செடியில், வெள்ளையும் சிவப்பும் சேரும் அந்த எல்லையில் வெட்டி எடுங்கள். காய்ந்த ஆகஸ்ட் மண்ணில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். மண் குளிர்ந்து நனைந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.