10 மில்லி என்று சொல்லி 4 மில்லியை விரித்துவிட்டுப் போனார்கள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் சீற், அதற்குக் கீழே பலகைச் சீலிங். பங்குனி பிறந்தால் மத்தியானத்தில் அறைக்குள் இருக்க முடியாது. ஏசி ஓடும், பில் ஏறும். போன சித்திரையில் 190 யுனிட். 180ஐத் தாண்டிய யுனிட்டுக்குத்தான் ஆகக்கூடின விலை, அந்தப் பத்தையாவது குறைப்போம் என்று இன்சுலேஷன், அதாவது கூரைச் சூட்டை மறிக்கிற வெள்ளி முகத் தாள், விசாரித்தேன்.

"அண்ணை, இது 10 மில்லிமீற்றர் தடிப்பு றோல். போட்டியள் எண்டால் பில் அரைவாசி" என்றான் கடைக்காரத் தம்பி. பிரிட்ஜும் மோட்டரும் இழுக்கிற கரண்டைக் கூரைத் தாள் எப்படிக் குறைக்கும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கூலியோடு சதுர அடிக்கு 150 ரூபாய், 900 சதுர அடிக்கு 135,000. மாசியில் இரண்டு பெடியள் வந்து, சீலிங் பலகைக்கு மேல் பாய் விரிக்கிற மாதிரி விரித்துவிட்டு அரை நாளில் போய்விட்டார்கள். வெள்ளிப் பக்கம் மேலே பார்த்தபடி. பளபளப்பைப் பார்த்து நான் போட்டோ வேறு எடுத்தேன்.

சித்திரை வருடப்பிறப்பை அண்டித்தான் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அறை முன்னைப் போலவே வெந்தது. பில்லில் 188 யுனிட்.

மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். மிஞ்சிக் கிடந்த வெட்டுத் துண்டுகளில் பத்தை அடுக்கி அடிமட்டத்தை வைத்தாள். 10 சென்ரிமீற்றர் வரவேண்டும். அமத்தாமலே நாலுதான் வந்தது.

"தடிப்பை விடுங்கோ அப்பா, விரிச்சதே பிழை" என்றாள். சுட்ட சீற் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. அதை மறிக்க வெள்ளி முகத்துக்கு முன்னால் ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும், முகமும் துப்புரவாக இருக்க வேண்டும். மேலே பார்க்கப் போட்டால் தூசி படிந்து அந்த வேலை நின்றுவிடும். கீழ்ப் பக்கமோ பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆனியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சோளகக் காற்று கொண்டுவந்த செம்மண் தூசி, நடுவில் எலிப் புழுக்கை. விரலால் கோடு இழுத்தபோதுதான் வெள்ளி தெரிந்தது.

கடையில் கேட்டால், வாரண்டி பொருளுக்குத்தானாம், பூட்டினதுக்கு இல்லையாம். சரி, பொருளே 4 மில்லிதானே என்றேன். போனை வைத்துவிட்டான். என் கையில் இருந்தது ஒரு எஸ்டிமேட் துண்டு மட்டும். அதில் "இன்சுலேஷன் 900", தடிப்பே எழுதவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) முறையிடலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் மாசியில் வாங்கியதற்கு ஆனியில் நிற்கிறேன். நீங்கள் வாங்கினால் தடிப்பையும், எந்தப் பக்கம் எங்கே பார்க்கப் பூட்டுவார்கள் என்பதையும் பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். விரிக்க முன்னம் பத்துத் துண்டு அடுக்குங்கள்.

பிறகு தெரிந்த தச்சு வேலைக்கார அண்ணை ஒருவர் அதே தாளைத் துடைத்து, கைமரங்களின் அடிப்பக்கத்தில், வெள்ளி கீழே பார்க்க அடித்தார். இனி முகத்தில் தூசி படியாது, அதற்கு முன்னால் சீலிங் வரை காற்று இடைவெளியும் இருக்கிறது. சீற்றில் ஒரு துளைகூடப் போட நான் விடவில்லை. அஸ்பெஸ்டஸ் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாத சாமான். சூடு வெளியேற முகட்டுச் சுவர் இரண்டிலும் வலை வைத்தோம். ஆவணியில் சூரியன் திரும்ப உச்சிக்கு வந்தபோது 176 யுனிட். தச்சுக் கூலி 18,000, அதுவும் என் காசுதான்.