அடிடாஸ் பிரெடேட்டர் லீக் ஷூ: மிட்ஃபீல்டுல ஆடறவங்க வாங்கலாமா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நான் வாங்கினது பிரெடேட்டர்ங்கற ஃபுட்பால் ஷூல லீக் மாடல், செயற்கைப் புல் தரைக்கான டர்ஃப் சோல், முன்னாடி நாக்கு மடிஞ்சு லேஸை மூடுதே அந்த டைப். மிட்ஃபீல்டுல ஓடியாடி ஆடறவங்க தாராளமா வாங்கலாம். ஆனா ஜிடேன், பெக்காம், இப்ப பெலிங்கம்னு போஸ்டரைப் பாத்துட்டு நமக்கும் அப்படியே பந்து வளையும்னு நெனச்சு மட்டும் வாங்காதீங்க, ஏன்னா இந்த ஷூவை முதல்ல யோசிச்ச ஆளு அவங்க ரகமே கிடையாது.

கிரெய்க் ஜான்ஸ்டன்னு ஒருத்தர், 80கள்ல லிவர்பூல் மிட்ஃபீல்டர். நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு இவர் பேரே தெரியாது. பொறந்தது ஜோகன்னஸ்பர்க், வளந்தது ஆஸ்திரேலியா. சின்ன வயசுல எலும்புல சீழ் வச்சு கால் போயிருக்க வேண்டியது, தப்பிச்சது. அப்புறம் இங்கிலாந்து கிளப்புகளுக்கு லெட்டர் போட்டு, மிடில்ஸ்பரோ வரச் சொல்லி, அப்பா அம்மா வீட்டை வித்து அனுப்பி வைக்கறாங்க. போன எடத்துல மேனேஜர் ஜாக் சார்ல்டன், 1966 வேர்ல்ட் கப் ஜெயிச்ச அதே சார்ல்டன்தான், ட்ரயல் மேட்ச் பாதியிலயே நீயெல்லாம் ஒரு பிளேயரா, ஊருக்குக் கெளம்புன்னு கிழிச்சு விட்டுட்டார். பையனுக்கு 15 வயசு. ஊருக்குப் போகலை. கிளப்புலயே ஒட்டிக்கிட்டு, சீனியர் பிளேயர்களோட பூட்டையும் காரையும் தொடச்சுக்கிட்டு, சார்ல்டன் கண்ணுல படாம கார் பார்க்கிங்ல சுவத்துல பந்து அடிச்சு அடிச்சு பழகி, சார்ல்டன் கிளம்பினதுக்கு அப்புறம் 17 வயசுல அதே டீம்ல எறங்கிட்டார்!

1981ல லிவர்பூல் வாங்கினாங்க. சூனஸ், டால்க்லிஷ், ரஷ்னு ஸ்டார்கள் எல்லாம் இருந்த டீம் அது, அதுல இவர் வலது பக்கத்துல ஓயாம ஓடற மெஷின். இங்கிலாந்து லீக் பட்டம் 5, 1984ல ஐரோப்பியக் கோப்பை, 1986ல எஃப்ஏ கப்ங்கற இங்கிலாந்து நாக்அவுட் கோப்பை ஃபைனல்ல எவர்ட்டனுக்கு எதிரா ஒரு கோல். இவ்ளோ ஜெயிச்சும், உலகத்தோட பெஸ்ட் டீம்ல இருந்த மோசமான பிளேயர் நான்தான்னு அவரே சொல்லிக்குவார். தன்னடக்கம் கொஞ்சம் கலந்திருக்கலாம், ஆனா டச் அவ்ளோ சுத்தமா இருக்காதுங்கறது உண்மைதான், உழைப்புல ஈடுகட்டின ஆளு. 1988ல விம்பிள்டன்கிட்ட எஃப்ஏ கப் ஃபைனல் தோத்தாங்களே, அதுல சப்ஸ்டிட்யூட்டா வந்தார், அதுதான் கடைசி மேட்ச். வயசு 27தான். மொராக்கோல நடந்த கேஸ் விபத்துல அவரோட சகோதரி படுத்த படுக்கையாயிட்டாங்க, பாத்துக்கணும்னு ஆட்டத்தையே விட்டுட்டு ஆஸ்திரேலியா போயிட்டார். இதுக்கு மேல என்ன சொல்றது.

அங்க சின்னப் பசங்களுக்கு கோச்சிங் குடுக்கும்போதுதான் ஷூ கதை ஆரம்பிக்குது. டேபிள் டென்னிஸ் பேட் பந்தைப் பிடிச்சு சுழட்டற மாதிரி கால்ல பந்தைப் பிடிங்கடான்னு சொல்றார், பசங்க எங்க ஷூ தோல் சார், ரப்பர் இல்லையே, மழைல வழுக்குதேங்கறாங்க. வீட்டுக்குப் போய் டேபிள் டென்னிஸ் பேட்ல இருந்த ரப்பரை உரிச்சு ஷூ மேல ஒட்டி உதைச்சுப் பாத்திருக்கார், பந்து கிரீச்னு ஒரு சத்தத்தோட பிடிச்சுக்கிச்சு. அப்புறம் வருஷக்கணக்கா கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கறார், அடிடாஸ் உட்பட யாரும் சீந்தலை. கடைசியா ஜெர்மனில பெக்கன்பவர், ரும்மனிகே, பிரைட்னர்னு அந்த ஊரோட பழைய ஸ்டார் பிளேயர்கள் மூணு பேரையும் அந்த ஷூவைப் போட்டுப் பனில ஆட வச்சு வீடியோ எடுத்துக் காட்டினப்பறம்தான் அடிடாஸ் எறங்கி வந்துச்சு, 1994ல பிரெடேட்டர் கடைக்கு வந்துச்சு. ஆளு சும்மா உக்காரலை, ஓட்டல் ரூம் ஃப்ரிட்ஜ்ல இருந்து திருட்டுத்தனமா எடுக்கறதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி கூட செஞ்சிருக்கார்னா பாத்துக்கோங்க. இன்னொண்ணு, 1996ல பெக்காம் பாதி கிரவுண்டுல இருந்து அடிச்ச கோல் இருக்கே, அது பிரெடேட்டர்தான், அதுவும் சார்லி மில்லர்ங்கற இன்னொரு பிளேயருக்காக செஞ்ச ஜோடி, நாக்குல சார்லின்னே எழுதியிருக்கும். எதிர் டீம் யாருன்னு பாருங்க, விம்பிள்டன்!

சரி ஷூவுக்கு வருவோம். பழைய பிரெடேட்டர்ல கங்காரு தோல், மேல தடிச்ச ரப்பர் வரிகள். இப்ப சிந்தெட்டிக். விலை கூடின எலீட் மாடல்ல ரப்பர் துடுப்பு நல்லா தூக்கலா நிக்கும், லீக்ல அந்தப் புடைப்பு சன்னமாதான் இருக்கு, விரலால தடவினா லேசா சொரசொரன்னு இருக்கும். காஞ்ச தரைல எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலை. மழை விட்டு டர்ஃப் சொதசொதன்னு இருக்கும்போதுதான் தெரியுது, கால் உள்பக்கமா பாஸ் வைக்கறப்ப பந்து வழுக்கிட்டுப் போகாம கால்ல ஒரு நொடி நிக்குது, வர்ற பந்தை அவசரத்துல கால்ல நிறுத்தும்போதும் அதே கதை. ஜான்ஸ்டன் பிரச்சனையே அதுதானே, ஈரத்துல தோல் வழுக்குது. ஃப்ரீகிக் வளையறதெல்லாம் உங்க கணுக்கால் வேலை, ஷூவைக் கேக்காதீங்க.

மடிஞ்ச நாக்கு பாக்க கெத்து, லேஸ் முடிச்சு மேல பந்து படாது, நேரா உதைக்கும்போது சுத்தமா இருக்கு. ஆனா லேஸ் அவுந்தா நாக்கைத் தூக்கிக் கட்டணும், அவசரத்துல கடுப்பாகும்னு தோணறவங்களுக்கு நாக்கு மடியாத மாடலும் இருக்கு. பாதம் அகலமா இருந்தா அரை சைஸ் கூட எடுங்க.

எலீட் இருபதாயிரத்துக்கு மேல போகுது, வாரக்கடைசில ஆடறவனுக்கு எதுக்கு? லீக்கே போதும். சோல் விஷயத்துல மட்டும் ஏமாறாதீங்க, நிஜப் புல் தரைக்கான நீள ஸ்டட், அதாவது அடில நீட்டிக்கிட்டு இருக்கற குமிழ், வச்சதைக் குட்டை கார்ப்பெட் டர்ஃப்ல போட்டா கால் மாட்டிக்கிட்டு முட்டி திரும்பிடும், அடில குட்டி குட்டி ரப்பர் குமிழ் இருக்கறதா பாத்து வாங்குங்க.

ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட போட்டேன், டப்பால 9னு இருக்கு, உள்ள 8 வருது, மாத்தித் தரதுக்குள்ள தாவு தீந்துருச்சு. கடைக்கே போய்ப் போட்டுப் பாருங்க, போறப்ப ஃபுட்பால் சாக்ஸ் கையோட எடுத்துட்டுப் போங்க, கடைல குடுக்கற மெல்லிசு சாக்ஸ்ல எந்த சைஸும் சரியாதான் இருக்கும்.