சைனஸ் ரின்ஸ் பாட்டில்: சளி கெட்டியான பிறகுதான் இதற்கு வேலை

ஜலதோஷம் பிடித்த முதல் ஓரிரு நாளில், உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவும் இந்தப் பாட்டிலை எடுக்க அவசியமில்லை. மூக்கு தண்ணீராக ஒழுகும்போது உள்ளே கழுவி எடுக்க அதிகம் எதுவும் இருக்காது. சளி கெட்டிப்பட்டு, சிந்தினாலும் வராமல், படுத்ததும் தொண்டைக்குள் இறங்கி இருமலைக் கிளப்பும்போதுதான் நீல்மெட் சைனஸ் ரின்ஸ் உதவுகிறது. சாதாரண சலைன் ஸ்ப்ரே மூக்கை ஈரமாக்கும், அவ்வளவுதான். இந்தப் பாட்டிலின் நீரோ கெட்டிச் சளியை அடித்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் வைரஸைக் கொல்லாது. ராத்திரி மூச்சு விட்டுத் தூங்கலாம் என்பதற்காக வாங்கலாம், சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணத்தில் வேண்டாம்.

அழுத்தினால் அமுங்கும் 240 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், குழாய் செருகிய மூடி, பொடிப் பாக்கெட்டுகள். பொடியில் இருப்பது உப்பும் சமையல் சோடாவும். கோடு வரை நீர் நிரப்பி ஒரு பாக்கெட் கலந்தால் கரைசலின் உப்பளவு உடம்பின் உப்பளவை ஒட்டி வரும், அதனால் எரியாது. எரிகிறது என்று புகார் சொல்பவர்களில் பலர் பாதி நீரில் முழுப் பாக்கெட்டைப் போட்டிருப்பார்கள், அல்லது பொடியே போடாமல் வெறும் நீரை விட்டிருப்பார்கள். பாக்கெட் தீர்ந்துவிட்டால் 240 மி.லி.க்கு அயோடின் சேராத உப்பு சுமார் 2 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். உப்பை எடை போட்டே எடுங்கள். பொடி உப்பும் கல்லுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது.

நீர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. குழாய் நீரை நேரடியாக ஊற்றவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். மிக அரிதுதான், ஆனால் வந்தவர்கள் பிழைப்பது அதைவிட அரிது. வீட்டு ஃபில்டர் நீரையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, கைக்கு இதமாகும் வரை ஆறவிடுங்கள். சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். டிஸ்டில்டு வாட்டர் என்றால் இந்த வேலை மிச்சம்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சு விடுங்கள். மூடியின் முனையை ஒரு துவாரத்தில் பொருத்தி மெதுவாக அழுத்தினால் கரைசல் மறு துவாரம் வழியாக வரும், கொஞ்சம் வாய்க்கும் வரலாம். விழுங்காமல் துப்பிவிடுங்கள். பாதி பாட்டில் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் திறந்தபடியே மென்மையாகச் சிந்துங்கள். ஒன்றை இறுக்கிப் பிடித்துப் பலமாகச் சிந்தினால் காதுக்குள் அழுத்தம் ஏறும்.

மூக்கு முழுசாக அடைத்திருக்கும்போது பாட்டிலைப் பிழிவதும் இதே வம்புதான். போன நீர் வெளியேற வழியில்லாமல் காதுப் பக்கம் தள்ளும். முதலில் அடைப்பை நீக்கும் ஸைலோமெட்டாஸோலின் சொட்டு மருந்து விட்டு, பத்து நிமிடம் பொறுத்துக் கழுவலாம். அந்தச் சொட்டை மூன்று நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே இருந்தால் கழுவிய பிறகே அடியுங்கள்.

பெட்டியில் பெரிதாகச் சொல்லாத தொல்லை ஒன்று: சைனஸுக்குள் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில்) தங்கிய நீர் கொஞ்ச நேரம் கழித்துக் குனியும்போது சட்டென்று ஒழுகும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பாட்டிலின் பலவீனம் உள்குழாய். அதில் ஈரம் எளிதில் காயாது. ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, உதறித் தனித்தனியாகக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை புதிது மாற்றுங்கள். ஒரு பாட்டிலை இருவர் பகிர்வது வேண்டாம்.

காது, மூக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடவேண்டும். பத்து நாளாகியும் குறையாத சளி, தேறி வந்தபின் திரும்பும் காய்ச்சல், முகவலி எல்லாம் பாட்டிலால் தீராதவை. அவற்றுக்கும் டாக்டர்தான்.